பக்கத்துக் கட்டில் இல்லாத சாட்சி

எங்கள் சபையில் மூன்றாவது பாட்டு முடிந்ததும் சாட்சி வேளை. போதகர் மேடையில் ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டு, "கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல விரும்புகிறவர்கள் சுருக்கமாகச் சொல்லலாம்" என்பார். சுருக்கமாக என்ற சொல்லை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஒருவருக்கு கேஸ் இணைப்பு கிடைத்திருக்கும். இன்னொருவருக்கு ஈரோட்டுக்குப் போட்ட மாற்றல் உத்தரவு ரத்தாகியிருக்கும். மகள் கணக்கில் பாஸாகிவிட்டாள் என்று ஓர் அம்மா அழுவார். சாட்சி முடியும்போதெல்லாம் "ஸ்தோத்திரம்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம். அந்தக் குரல் பலமாக வந்தால் நல்ல சாட்சி என்று பொருள். கொஞ்சம் இழுத்தாற்போல வந்தால், சொன்னவர் எதையோ சொதப்பிவிட்டார் என்று பொருள்.

நான் பள்ளி ஆசிரியை. பேசுவதே பிழைப்பு. மைக் கையில் கிடைத்தால் என் சாட்சிக்கு ஸ்தோத்திரம் பலமாகத்தான் வரும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. உக்கடம் பக்கத்தில், ஒரு சாக்கு மண்டிக்கு மேலே மாடியில் வாடகை ஹாலில் கூடுவோம். கோயமுத்தூரில் அப்போது பாப்டிஸ்ட் என்று சொன்னால், "அது எந்தக் கோயிலுங்க?" என்று கேட்பார்கள். கோபுரம் இல்லை, மணி இல்லை. மாடிப்படியில் சாக்கு வாசம் இருந்தது. இருந்தாலும் ஊழியத்துக்குக் குறைச்சல் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கிராமங்களில் திறந்தவெளிக் கூட்டம், புதன்கிழமை பெரியாஸ்பத்திரியில் நோயாளிகளைச் சந்திப்பது. ரொட்டிப் பாக்கெட்டும் வேத வசனம் அச்சடித்த கைப்பிரதியும் எடுத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போவோம். கட்டில் ஓரமாக நின்று ஜெபம் செய்வோம். நானும் பள்ளி விட்டதும் கூடப் போவேன். படுத்திருப்பவர்களைப் பார்த்து இரக்கப்பட்டுக்கொண்டே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவேன்.

பிறகு என் மகனையே அங்கே சேர்க்க வேண்டி வந்தது. ஏழு வயது. மூளைக்காய்ச்சல். நான் பிறருக்குக் கொடுத்த அதே கைப்பிரதியை எங்கள் சபைப் பெண் ஒருத்தி பழக்கதோஷத்தில் என் கையில் வைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

குழந்தைகள் வார்டில் கட்டில்கள் நெருக்கிப் போடப்பட்டிருந்தன. இரண்டு கட்டிலுக்கு நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் நிற்க முடியும். பக்கத்துக் கட்டிலிலும் அதே காய்ச்சல், ஏறக்குறைய அதே வயதுப் பையன். சத்தியமங்கலம் போகிற வழியில் ஒரு கிராமத்திலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். அவன் அம்மா வாழைத்தோட்டங்களில் கூலிக்குப் போகிறவள். என்னைவிடச் சின்னவள். முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். நான் டீ வாங்கப் போனால் என் மகனை அவள் பார்த்துக்கொள்வாள். அவள் துணி அலசப் போனால் அவள் மகனை நான் பார்த்துக்கொள்வேன். அவனை நான் தம்பி என்றுதான் கூப்பிட்டேன்.

சபையார் சாயங்காலம் தவறாமல் வந்தார்கள். முதல் நாள் போதகர் என் மகன் தலையில் கை வைத்து ஜெபிக்கத் தொடங்கும்போது, அவள் தன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட்டாள். "ஐயா, அந்தப் பையனுக்கும்" என்று நான்தான் சொன்னேன். போதகர் இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒருக்களித்து நின்று, ஆளுக்கொரு கையை வைத்தார். அவளிடம் பையனின் பெயரைக் கேட்டுக்கொண்டு, இரண்டு பெயரையும் சத்தமாகச் சொல்லி ஜெபித்தார். சுற்றி நின்ற நாங்களும் இரண்டு பெயரையும் சொன்னோம். அதற்குப் பிறகு சாயங்காலமானால் அவள் வார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். "ஏனுங்கக்கா, ஐயா இன்னிக்கி வருவாருங்களா?" என்பாள். இங்கே சபையில் உபவாச ஜெபம் நடந்தது. அதிலும் இரண்டு பெயரும் சொல்லப்பட்டன.

ஒரு காலையில் என் மகன் கண் திறந்து காப்பி கேட்டான். அன்று காலையிலேயே அவள் மகன் போய்விட்டான்.

நான் ஈரத்துணியால் என் மகன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அவள் அலறினாள். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. நிம்மதி. வந்தது பக்கத்துக் கட்டிலோடு போயிற்று என்று என் மனம் சொன்னது. அப்படி நினைத்தது நான்தான். வேறு யார்மேலும் அதைப் போட முடியாது. என் மகன் திரும்பிப் பார்க்காதபடி அவன் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.

போகும்போது அவள் ஒரு பையை என்னிடம் நீட்டினாள். சாத்துக்குடி. "வாங்கினது அப்படியே இருக்குதுங்கக்கா. உங்க பையனுக்குப் புழிஞ்சு குடுங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன். அவள் படியிறங்கியதும் வார்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டேன். ஞாயிறு பள்ளியில் திருஷ்டி, தோஷம் எல்லாம் மூடநம்பிக்கை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

மகன் வீடு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் சாட்சி சொன்னேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். இரண்டு கட்டிலையும் சொன்னேன், இரண்டு பையன்களையும் சொன்னேன். பக்கத்துக் கட்டில் பையன் இறந்துவிட்டான் என்று சொல்லி, என் மகன் எழுந்து உட்கார்ந்ததைச் சொல்லி முடித்தேன். ஸ்தோத்திரம் இழுத்தாற்போல வந்தது. எனக்கே அது புதிது.

ஆராதனை முடிந்து செருப்புப் போடும்போது சபைச் செயலாளர் பக்கத்தில் வந்தார். நல்ல மனிதர். மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் ஃபோர்மேன். என் மகனுக்காக மூன்று வேளையும் சாப்பிடாமல் ஜெபித்தவர். "டீச்சரம்மா, சாட்சி அருமைங்க. ஆனா அந்தப் பக்கத்துக் கட்டிலு சமாச்சாரம் வேண்டாமுங்களே" என்றார்.

"ஏனுங்கய்யா, நடந்தது அதுதானுங்களே?"

"நடந்ததுதானுங்க. வெளியில புதுசாக் கேக்கறவங்க கொழம்பிப்போயிருவாங்க. ரெண்டு பேருக்குந்தானே ஜெபம் பண்ணுனீங்க, ஒருத்தனுக்கு மட்டும் ஏன்னு கேட்டா, நாம என்ன பதில் சொல்றதுங்க?"

பதில் இல்லாத கேள்வியை மேடையில் ஏற்றாமல் இருப்பதுதான் நல்லது என்று எனக்கும் பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

அதன் பிறகு என் சாட்சி ஊர் சுற்றியது. சனிக்கிழமைக் கூட்டங்களுக்கு வாடகை வேனில் ஆர்மோனியம், மைக் செட், ட்யூப் லைட்டோடு நானும் ஏறிக்கொள்வேன். அன்னூர், புளியம்பட்டி, அந்தியூர் என்று பல ஊர்களில் சொன்னேன். சொல்லச் சொல்ல வழவழப்பாகிவிட்டது. டாக்டர் உண்மையில் சொன்னது, "நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேம்மா" என்பதுதான். சாட்சியில் அது "டாக்டர் கையை விரித்துவிட்டார்" என்று ஆனது. எங்கே நிறுத்தினால் ஜனங்கள் உச்சுக்கொட்டுவார்கள், எங்கே குரலை இறக்கினால் பெண்கள் முந்தானையை எடுப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வார்டில் ஒரே ஒரு கட்டில்தான் இருந்தது போலச் சொல்வேன்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனின் அம்மா சபைக்குப் படியேறி வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கைப்பிரதியின் பின்னால் சபை முகவரி ரப்பர் ஸ்டாம்பாகக் குத்தியிருக்கும். அதைக் காட்டி விசாரித்து வந்திருக்கிறாள். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். என் மகன் எங்கே இருக்கிறான் என்றுதான் முதலில் பார்த்தேன். அவனை எனக்கு அந்தப் பக்கமாக நகர்த்தி உட்கார வைத்தேன்.

சபைக்கு ஒரே சந்தோஷம். ஆஸ்பத்திரி ஊழியத்தில் கிடைத்த ஓர் ஆத்துமா! போதகர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, அந்தத் தாயாரின் குடும்பத்துக்காக என்று பொதுவாக ஜெபித்தார். அவள் அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். பையன் பிழைக்காத பிறகு இவள் ஏன் வருகிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை. கேட்கவும் யாரும் துணியவில்லை. அவள் இருக்கிற நாட்களில் நான் சாட்சிக்கு எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் நானே கேட்டேன். ஆராதனை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பஸ் மாறி வருகிறாளே என்கிற சாக்கில், "எதுக்கு அம்மணி இத்தன தூரம் அலையறே?" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்கூட்டுல அவம் பேரையே எடுக்க மாட்டாங்கக்கா. நாஞ் சொன்னாப் போதும், எங்கூட்டுக்காரரு எந்திரிச்சு வெளிய போயிருவாரு. மாமியா எவ் வாயப் பொத்திருவாங்க. போனவம் பேர இழுத்தா மத்த புள்ளைகளுக்கு ஆகாதாமா. அக்கம்பக்கத்துலயும் அப்படித்தானுங்க. அவன் ஒருத்தன் இருந்ததே இல்லைங்கற மாதிரிப் பண்ணிப்போட்டாங்க."

நானும் என் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீங்கெல்லாம் சுத்தி நின்னு அவம் பேரச் சொல்லி சாமி கும்பிட்டீங்கல்லங்க்கா? அத்தன பேரு. பெரிய பெரிய ஆளுக. இங்க வந்தா எப்பவாச்சும் மறுபடி ஒருக்காச் சொல்லுவீங்கன்னு வாரேனுங்க. ஐயாவுக்கு மறந்திருக்கும், ஆயிரம் சோலி. உங்களுக்குத்தான் அவன நல்லாத் தெரியுமே."

"ஆமா" என்று தலையாட்டினேன். எனக்கு அவன் பெயர் நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பக்கத்திலேயே அத்தனை நாள் இருந்து, வாயில் ஸ்பூன் வைத்துத் தண்ணீர் கொடுத்தவள் நான். தம்பி, தம்பி என்றே கூப்பிட்டுப் பெயரைத் தொலைத்துவிட்டேன். அந்த இடத்திலேயே கேட்டிருந்தால் கொஞ்சம் வருத்தப்பட்டிருப்பாள், சொல்லியிருப்பாள். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு கேட்க முடியாமல் போயிற்று. போதகரிடம் கேட்டேன். "ஏதோ சாமி பேருங்க டீச்சர், நெனவில்ல" என்றார்.

அதன் பிறகு ஓர் எட்டு மாதம் இருக்கும், சனிக்கிழமைக் கூட்டத்தை அவள் ஊரில் வைக்கலாம் என்று செயலாளர் முடிவு செய்தார். அவளிடம் சொன்னதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டதாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். மைக் செட்டுக்குத் தன் வீட்டிலிருந்து கரண்ட் இழுக்கச் சொன்னாள். தோட்ட வேலையிலிருந்து திரும்பிய பெண்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு, தரையில் சாக்கு விரித்து உட்கார வைத்திருந்தாள். நாங்கள் போன ஊர்களில் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை.

மேடைக்குப் பதில் ஒரு மாட்டு வண்டியை நிறுத்தியிருந்தார்கள். நான் அதன் பக்கத்தில் நின்றிருந்தபோது ஒரு பெண் வந்து, "நீங்கதான் ஆஸ்பத்திரியில பையங்கூட இருந்த அக்காளுங்களா? அவனப் பத்திப் பேசப்போறீங்கன்னு சொல்லிக் கூட்டியாந்தாளுங்க. எங்க ஊட்டுக்காரரெல்லாங்கூட வந்திருக்காங்க" என்றாள். அவள் காட்டிய பக்கம் பார்த்தேன். ஆண்கள் ஒரு வேப்பமரத்தடியில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், பாதி மறைந்தாற்போல பையனின் அப்பாவும் நின்றிருந்தான்; ஆஸ்பத்திரியில் பார்த்த முகம். பெயரை எடுத்தால் எழுந்து போகிறவன் அன்றைக்கு வந்து நின்றான்.

வண்டிமேல் ஏறும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். பெயர் தெரியாவிட்டால் என்ன, இந்த ஊர்ப் பையன் என்று சொன்னால் போதும். இரண்டு கட்டில் இருந்தது, என் மகன் முகத்தை அந்தப் பிள்ளையின் அம்மாவும் துடைத்தாள் என்று சொன்னால் போதும். மைக்கைக் கையில் வாங்கினேன். பின்னால் செயலாளர் பாட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தார். எதிரே முதல் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள், வாயை லேசாகத் திறந்தபடி. நான் பேச ஆரம்பித்தேன். அத்தனை ஊர்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள் தாமாகவே வந்தன. நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினேன், இறக்குகிற இடத்தில் குரலை இறக்கினேன். டாக்டர் கையை விரித்தார். சபை ஜெபித்தது. மகன் எழுந்து காப்பி கேட்டான். எங்கள் ஆட்கள் பலமாக ஸ்தோத்திரம் சொன்னார்கள். பக்கத்துக் கட்டில் வரவே இல்லை.

ஊர்ப்பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒருத்தி சத்தமாகவே கேட்டாள்: "ஏனுங்க, எங்கூருப் பையனப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலீங்களே?"

நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். முன்வரிசையிலிருந்து அவள் எழுந்தாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "அக்காளுக்குத் தொண்ட கட்டியிருக்குது. அவ்வளவுதான் பேச முடியும். பாவம், காலைலிருந்தே அப்படித்தான்" என்றாள். பிறகு வீட்டுக்குள் ஓடிச் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குத் தொண்டை நன்றாகத்தான் இருந்தது. அது அவளுக்கும் தெரியும். நான் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தேன். வேப்பமரத்தடியைப் பார்த்தபோது அவள் புருஷன் இல்லை.

வேனில் எல்லோரும் அன்றைய கூட்டம் எவ்வளவு ஆசீர்வாதமாக இருந்தது என்று பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு வாந்தி வருகிறது என்று சொல்லி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். இனி அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வரக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டில் எதற்காக நான் அதிகம் வெட்கப்பட வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் வந்தாள். வாரம் தவறாமல் வந்தாள். அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெருக்குவது, ஜமுக்காளம் விரிப்பது, டீ டம்ளர் கழுவுவது எல்லாம் அவளே எடுத்துப்போட்டுச் செய்தாள். அடுத்த வருஷம் ஞானஸ்நானம் எடுக்க விரும்புகிறேன் என்று போதகரிடம் சொன்னாள்.

எங்கள் சபைகளில் ஞானஸ்நானத்தைப் போதகர் மட்டும் முடிவு செய்ய முடியாது. எடுக்கிறவர் சபையார் முன்னால் எழுந்து நின்று, கர்த்தர் தனக்கு என்ன செய்தார், ஏன் விசுவாசிக்கிறேன் என்று சாட்சி சொல்ல வேண்டும். சபையார் அதைக் கேட்டுக் கை தூக்கி ஒப்புக்கொண்ட பிறகுதான் தண்ணீர். சாட்சி தெளிவாக இல்லை என்று தள்ளிவைக்கப்பட்டவர்களும் உண்டு. அவள் சாட்சி சொல்ல வேண்டிய அன்று நான் முந்தைய இரவு தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருந்தேன். இன்று சொல்வாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என் பையனுக்கும்தான் ஜெபித்தீர்கள், அவன் செத்துப்போனான் என்று சொல்வாள். அவன் பெயரைச் சொல்வாள். நானும் கேட்டுக்கொள்ளலாம். அவமானமாகத்தான் இருக்கும், ஆனால் அது வந்துவிடட்டும் என்றிருந்தது. பசித்தவள் போலக் காத்திருந்தேன்.

அவள் எழுந்தாள். வெள்ளைச் சேலை. கையைக் கட்டிக்கொண்டாள்.

"அக்காளோட பையன் பெரியாஸ்பத்திரியில கெடந்தானுங்க" என்று தொடங்கினாள். நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாள். "டாக்டரு கைய விரிச்சுட்டாருங்க." நான் குரலை இறக்குகிற இடத்தில் அவள் குரலும் இறங்கியது. "சபையாரெல்லாம் ஜெபம் பண்ணுனாங்க. ஒரு நாள் காலைல பையன் எந்திரிச்சுக் காப்பி கேட்டானுங்க. அதக் கண்ணால பாத்துத்தான் நான் விசுவாசிச்சேனுங்க. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

எங்கிருந்து பார்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்தோத்திரம் பலமாக வந்தது. செயலாளர் எழுந்து, "ரொம்பத் தெளிவான சாட்சிங்க" என்றார். ஒப்புக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம் என்று போதகர் சொன்னார். எல்லோரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

முடிந்ததும் நேராக என்னிடம் வந்தாள். நெற்றியில் வேர்வை. பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் முகம்.

"சரியாச் சொன்னனுங்களாக்கா?" என்றாள்.

"சரியாத்தான் சொன்னே அம்மணி" என்றேன்.